இரைச்சலை நீக்க வேண்டாம்!
கேசட்டில் பரவிய கத்தர் பாட்டும் அதற்குக் கிடைத்த வரவேற்பும்

செகந்திராபாத், லாலாகூடா ரயில்வே பணிமனையில் முப்பத்தைந்து ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்ற தமிழ்ப் பெரியவர் ஒருவர் மல்காஜ்கிரியில் குடியிருக்கிறார். சொந்த ஊர் அரக்கோணம் பக்கம். இளம் வயதில் இங்கே வந்தவர், இங்கேயே வீடு கட்டி, பிள்ளைகளுக்குக் கல்யாணமும் செய்து முடித்துவிட்டார். சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கையில் ஒரு பிஸ்கட் டப்பாவுடன் என் வீட்டுக்கு வந்தார்.

டப்பா நிறைய கேசட்டுகள். சீர்காழி கோவிந்தராஜனின் பக்திப் பாடல்கள், டி.எம்.சௌந்தரராஜனின் முருகன் பாட்டுகள், இளையராஜாவின் படப் பாட்டுகள் எல்லாம் இருந்தன. அவற்றுக்கு நடுவே பெயர்ச் சீட்டு இல்லாத ஒரு கேசட். அதன் மேல் பென்சிலால் தெலுங்கில் ஏதோ எழுதியிருந்தது.

"தம்பி, இதில் இருப்பதை செல்போனில் ஏற்றித் தர முடியுமா? கேசட் போடுகிற பெட்டி ரிப்பேராகிப் பத்து வருஷம் ஆகிறது" என்றார்.

"முயற்சி செய்து பார்க்கலாம், ஐயா" என்று சொல்லி, சுல்தான் பஜாரில் எனக்குத் தெரிந்த ஒரு கடைக்கு அழைத்துப் போனேன். கடைப் பையன் பழைய டேப் பெட்டியைக் கம்ப்யூட்டரோடு இணைத்து, கேசட்டைப் போட்டான். முதலில் மழை பெய்வதைப் போல ஓர் இரைச்சல். பிறகு டப்பு அடிக்கும் ஓசை. அதற்கு மேல், கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓர் ஆண் குரல்.

பையன் சிறிது நேரம் கேட்டுவிட்டு, பாட்டு பாதி, இரைச்சல் பாதியாக இருக்கிறது என்றும், கூடுதலாக முந்நூறு ரூபாய் கொடுத்தால் இரைச்சலை எல்லாம் நீக்கிச் சுத்தமாக்கித் தருவதாகவும் சொன்னான். பெரியவர் உடனே கையைக் குறுக்கே நீட்டித் தடுத்துவிட்டார். "ஒன்றையும் நீக்க வேண்டாம். இருக்கிறபடியே கொடு" என்றார்.

அந்தக் குரல் கத்தருடையது.

வங்கிக் குமாஸ்தா

கத்தரின் இயற்பெயர் கும்மடி விட்டல் ராவ். மேதக் மாவட்டம் தூப்ரானில் ஏழைத் தலித் குடும்பத்தில் பிறந்தவர். பொறியியல் படிக்கச் சேர்ந்தும் அதை முடிக்கவில்லை. 1969-ல் தனித் தெலுங்கானாக் கிளர்ச்சி நடந்தபோது, புர்ரகதை பாடும் குழு ஒன்றை வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போனார். நம் ஊர் வில்லுப்பாட்டைப் போலக் கதையும் பாட்டுமாக நடப்பதுதான் புர்ரகதை.

1970-களின் தொடக்கத்தில், திரைப்படத் துறையில் ஆர்வம் கொண்டிருந்த பி.நரசிங் ராவ் என்பவரின் கலைக் குழுவில் அவர் சேர்ந்தார். அங்கே அவர் எழுதிய முதல் பாட்டு ஒரு ரிக்ஷாத் தொழிலாளியைப் பற்றியது. செகந்திராபாத் ரயில் நிலைய வாசலில் அந்த நாளில் வரிசையாக நின்ற ரிக்ஷாக்களை நம் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அப்படி வண்டி இழுத்தவர்களின் பேச்சு மொழியிலேயே அந்தப் பாட்டு அமைந்தது. 1972-ல் அந்தக் குழுவிலிருந்து 'ஜன நாட்டிய மண்டலி' என்ற மக்கள் கலை அமைப்பு உருவாயிற்று.

நம் வாசகர்களில் பலர் குமாஸ்தாக்கள். அவர்கள் அறிய வேண்டிய செய்தி ஒன்று உண்டு. 1975-ல் விட்டல் ராவ் வங்கித் தேர்வு எழுதித் தேறி, கனரா வங்கியில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். திருமணமும் ஆயிற்று. பகலில் லெட்ஜர், மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் பாட்டு என்று ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள் ஓடின. 1984-ல் அவர் வேலையை ராஜினாமா செய்தார். வங்கி வேலை கிடைப்பதே பெரும் பேறாகக் கருதப்பட்ட காலம் அது. மாதம் பிறந்தால் சம்பளம், வயதானால் பென்ஷன் என்ற உறுதியை ஒருவர் பாட்டுக்காகக் கைவிட்டார் என்பதை, அவருடைய அரசியலை ஏற்காதவர்களும் இன்றுவரை வியப்போடுதான் பேசுகிறார்கள்.

பெயர் வந்த கதை

'கத்தர்' என்ற பெயருக்குப் பின்னால் பிழைப்புத் தேடிக் கடல் கடந்தவர்களின் கதை ஒன்று இருக்கிறது. 1913-ல் அமெரிக்காவின் மேற்குக் கரையில், மர அறுவை ஆலைகளிலும் பண்ணைகளிலும் கூலி வேலை செய்த இந்தியர்கள் ஒன்று சேர்ந்து ஒரு கட்சி தொடங்கினார்கள். பெரும்பாலோர் பஞ்சாபிகள். அவர்கள் சான்பிரான்சிஸ்கோவிலிருந்து ஒரு பத்திரிகையும் வெளியிட்டார்கள். அதன் பெயர் 'கதர்'. உருது மொழியில் அதற்குக் கலகம் என்று பொருள். நாம் உடுத்தும் கதருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அந்தப் பத்திரிகையில் கட்டுரைகளோடு பாட்டுகளும் வந்தன. அவற்றைத் திரட்டிச் சிறு புத்தகமாகவும் போட்டார்கள். ஆங்கில அரசு அதற்குத் தடை விதித்தது.

விட்டல் ராவின் முதல் பாட்டுத் தொகுப்புக்கு அந்தக் கட்சியின் நினைவாகவே பெயர் வைத்தார்கள். நாளடைவில் தொகுப்பின் பெயரே பாடியவரின் பெயராகிவிட்டது. இசைத்தட்டுக் கம்பெனி வைத்த பட்டமோ சபாக்காரர்கள் கொடுத்த விருதோ இல்லை. கேட்டவர்கள் கூப்பிட்டுக் கூப்பிட்டு நிலைத்த பெயர் அது.

நாடாவின் கணக்கு

இந்தப் பாட்டுகள் பரவியதற்குக் காரணம் கேசட். அதைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும்.

நெடுங்காலம் நம் நாட்டில் பாட்டு என்றால் இசைத்தட்டுதான். கல்கத்தாவுக்கு அடுத்த டம்டம் தொழிற்சாலையில் ஒரே பெரிய கம்பெனி தட்டுகளை அச்சடித்து நாடு முழுவதும் அனுப்பியது. எந்தப் பாட்டு தட்டில் ஏற வேண்டும் என்பதை அந்தக் கம்பெனியும், அதற்கு அடுத்தபடி சினிமாவும் தீர்மானித்தன. கிராமத்துக் கூலிக்காரனின் பாட்டுக்கு அங்கே இடம் கிடைப்பது அரிது.

ஹாலந்து நாட்டு பிலிப்ஸ் கம்பெனி 1963-ல் கேசட்டை அறிமுகப்படுத்தியது. 1980-களின் நடுவில் அது இந்தியாவில் இசைத்தட்டை ஓரங்கட்டிவிட்டது. வளைகுடா நாடுகளுக்குப் போய்த் திரும்பியவர்கள் டேப் ரெக்கார்டர் வாங்கி வந்தார்கள். வெற்றுக் கேசட் ஒன்றும் இரண்டு பெட்டிகளும் இருந்தால் யாரும் பாட்டைப் பிரதி எடுக்கலாம் என்ற நிலை வந்தது.

தரம் எப்படி இருக்கும்? பெரிய ஸ்டூடியோவில் ஒலி நாடா வினாடிக்கு 38 சென்டிமீட்டர் வேகத்தில் ஓடும். கேசட்டில் அதே நாடா, அகலம் 4 மில்லிமீட்டருக்கும் குறைவாக, வினாடிக்கு 4.76 சென்டிமீட்டர் மட்டுமே ஓடுகிறது. இடம் குறைந்தால் ஒலியின் நுணுக்கமும் குறையும். நாடாவின் 'இஸ்' என்ற சத்தம் மேலே தெரியும். ஒரு பிரதியிலிருந்து இன்னொரு பிரதி, அதிலிருந்து வேறொரு பிரதி என்று போகும்போது மெல்லிய ஓசைகள் ஒவ்வொன்றாக மங்கி, இரைச்சல் ஏறிக்கொண்டே போகும்.

வீணையும் வயலினும் இந்தச் சோதனையில் தப்புவது கடினம். டப்பும் உரத்த குரலும் தப்பிக்கும். கத்தருடைய பாட்டில் இருந்தவை பெரும்பாலும் அவை இரண்டும்தான். சலங்கை ஒலியும், பின்பாட்டுக்காரர்கள் அடியை வாங்கித் திருப்பிப் பாடுவதும் உடன் சேரும். வயல் வெளியில், மைக் இல்லாமல், ஆயிரம் பேருக்குக் கேட்க வேண்டும் என்று பிறந்த பாட்டு என்பதால் ஐந்தாவது பிரதியிலும் அது உயிரோடு இருந்தது. மெட்டுகளும் புதியவை அல்ல. நாற்று நடும்போதும், மூட்டை தூக்கும்போதும், தாலாட்டும்போதும் மக்கள் ஏற்கெனவே பாடிக்கொண்டிருந்த மெட்டுகள். சொல் மட்டும் புதிது. ஒரு முறை கேட்டவன் மறு முறை தானே பாடிவிடலாம்.

அமெரிக்காவில் ஒரு கேசட்

இப்படிக் கரடுமுரடாகப் பதிவான பாட்டுக்கு மேல்நாட்டில் 'லோ-ஃபை' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். தரம் குறைந்த ஒலி என்று பொருள். இன்று அது ஒரு நாகரிகமாகவே ஆகிவிட்டது. விலை உயர்ந்த கருவிகள் வைத்திருப்பவர்களே வேண்டுமென்று இரைச்சலைச் சேர்த்துப் பாட்டு வெளியிடுகிறார்கள்.

இதற்கு முன்னோடியாகச் சொல்லப்படும் ஒரு தொகுப்பு 'நெப்ராஸ்கா'. புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் என்ற புகழ் பெற்ற அமெரிக்கப் பாடகர் 1982 ஜனவரியில், நியூ ஜெர்சியில் தாம் வாடகைக்கு இருந்த வீட்டின் படுக்கை அறையில், நான்கு தடங்கள் கொண்ட சிறிய கேசட் பதிவுக் கருவியை வைத்துத் தனியாகப் பாடிப் பதிவு செய்தார். வேலை இழந்தவன், குற்றம் செய்தவன், தம்பியைக் காப்பாற்றத் தவிக்கும் போலீஸ்காரன் ஆகியோரின் கதைகள் அவை. பிறகு தம் வாத்தியக் குழுவுடன் பெரிய ஸ்டூடியோவில் அவற்றைத் திரும்பப் பாடிப் பார்த்தார். பாட்டு நன்றாக இருந்தது, ஆனால் உயிர் போய்விட்டது. கடைசியில் அந்தக் கேசட்டையே இசைத்தட்டாக்கி 1982 செப்டம்பர் 30-ந் தேதி வெளியிட்டார்கள்.

அங்கே பத்திரிகை விமர்சகர்கள் என்று ஒரு கூட்டம் இருக்கிறது. 'ரோலிங் ஸ்டோன்' பத்திரிகை அதற்கு ஐந்துக்கு நாலரை நட்சத்திரம் கொடுத்தது. அமெரிக்க விமர்சகர்கள் வாக்களித்த ஆண்டுக் கணக்கெடுப்பில் மூன்றாவது இடம் கிடைத்தது. விற்பனைப் பட்டியலிலும் மூன்றாம் இடம். 2025-ல் அந்தக் கேசட் பிறந்த கதையையே ஒரு திரைப்படமாக எடுத்துவிட்டார்கள்.

இரண்டு பாடகர்களின் நோக்கமும் வேறு, வாழ்க்கையும் வேறு. ஆனால் கருவி ஒன்றுதான். ஏழை எளியவர்களின் கதையைப் பாடும்போது பூச்சு வேலை குறைந்தால் பாட்டு கூடும் என்பது இரண்டு இடங்களிலும் தெரிந்தது. பெரிய வித்தியாசம் வரவேற்பில் இருந்தது. கத்தரின் கேசட்டுக்கு அன்று நட்சத்திரம் போட யாரும் இல்லை. அதற்கு விமர்சனம் வேறு இடங்களிலிருந்து வந்தது.

மூன்று இடத்து விமர்சனம்

முதல் விமர்சனம் மக்களிடமிருந்து வந்தது. பாட்டு பிடித்தால் பிரதி எடுத்தார்கள். பிடிக்காவிட்டால் அதே கேசட்டில் வேறு பாட்டைப் பதிந்துகொண்டார்கள். கேசட் உலகத்தில் இதைவிடக் கண்டிப்பான விமர்சனம் கிடையாது. அமாவாசை நாளில் பிறந்த பெண் குழந்தையைப் பற்றி அவர் பாடியதைப் பெண்கள் தங்கள் பாட்டாகவே எடுத்துக்கொண்டார்கள். அதை யார் எழுதியது என்று தெரியாமலே பாடியவர்களும் உண்டு.

இரண்டாவது விமர்சனம் அரசாங்கத்தினுடையது. ஜன நாட்டிய மண்டலி, நக்சல் இயக்கமான மக்கள் யுத்தக் குழுவின் கலைப் பிரிவாகவே செயல்பட்டது. 1985 ஜூலையில் பிரகாசம் மாவட்டம் காரம்சேடுவில் தலித்துகள் படுகொலை செய்யப்பட்டதைக் கண்டித்துக் கத்தர் பாடினார். போலீஸ் தேடத் தொடங்கியது. அவர் தலைமறைவானார். ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் ஆள் வெளியில் இல்லை. குரல் மட்டும் கேசட்டில் ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்தது.

1990-ல் சென்னா ரெட்டி அரசு கெடுபிடியைத் தளர்த்தியது. அந்த ஆண்டு பிப்ரவரியில் ஐதராபாத் நிஜாம் கல்லூரி மைதானத்தில் கத்தர் மேடை ஏறினார். இடுப்பில் வேட்டி, தோளில் ஆடு மேய்ப்பவர்கள் போர்த்தும் கம்பளி, கையில் கோல், காலில் சலங்கை. லட்சக்கணக்கில் மக்கள் திரண்டார்கள். ஐந்து ஆண்டுகள் நாடாவில் மட்டும் கேட்ட குரலுக்கு முகம் எது என்று பார்க்க வந்த கூட்டம் அது.

மூன்றாவது விமர்சனம் துப்பாக்கியால் வந்தது. 1997 ஏப்ரல் 6-ந் தேதி, செகந்திராபாத் அல்வாலில் உள்ள அவருடைய வீட்டுக்கு வந்த சிலர் அவரைச் சுட்டார்கள். உயிர் பிழைத்தார். ஆனால் ஒரு குண்டு முதுகெலும்பை ஒட்டித் தங்கிவிட்டது. அதை எடுக்காமலேயே மேலும் இருபத்தாறு ஆண்டுகள் பாடினார்.

சினிமாவும் விருதும்

சினிமா அவரைச் சும்மா விடவில்லை. கௌதம் கோஷ் இயக்கத்தில், நரசிங் ராவ் தயாரித்து 1980-ல் திரைக்கு வந்த 'மா பூமி' படத்தில், நிஜாம் ஆட்சியை எதிர்த்து நடந்த விவசாயிகள் போராட்டக் காலப் பாட்டு ஒன்றைக் கத்தரே தோன்றிப் பாடினார். 'பண்டெனக பண்டி கட்டி' என்ற அந்தப் பாட்டை இயற்றியவர் அந்தப் போராட்டத்தில் ஈடுபட்ட பண்டி யாதகிரி. இன்றும் தெலுங்கானாவில் எந்தக் கூட்டத்திலும் அதைக் கேட்கலாம்.

1995-ல் 'ஒரே ரிக்ஷா' என்ற படத்தில், தங்கையிடம் அண்ணன் பாடுவதாக அவர் எழுதிய பாட்டுக்கு, ஆந்திர அரசின் நந்தி விருது அறிவிக்கப்பட்டது. கத்தர் அதை வாங்க மறுத்துவிட்டார். தாம் எதிர்த்துப் பாடும் அரசாங்கத்திடமிருந்து விருது வாங்குவது பொருந்தாது என்பது அவருடைய நிலை.

பிறகு காலம் மாறியது. 2011-ல் 'ஜெய் போலோ தெலுங்கானா' படத்தில் அவர் பாடிய பாட்டு தனி மாநிலக் கிளர்ச்சியின் கீதம் போலவே ஆயிற்று. 2014 ஜூன் 2-ந் தேதி தெலுங்கானா மாநிலம் பிறந்தது. ஓட்டுப் பெட்டியை நம்பாதவர் என்று பெயர் எடுத்த கத்தர், 2018-ல் வாழ்க்கையில் முதல் முறையாக ஓட்டுப் போட்டார்.

2023 ஆகஸ்டு 6-ந் தேதி ஐதராபாத்தில் அவர் காலமானார். லால் பகதூர் மைதானத்தில் அஞ்சலிக்கு வைக்கப்பட்டு, அரசு மரியாதையுடன் அல்வாலில் அவர் தொடங்கிய பள்ளிக்கூட வளாகத்தில் அடக்கம் நடந்தது. ஒரு காலத்தில் தேடிய அதே போலீஸ் அன்று துப்பாக்கியால் சுட்டு மரியாதை செய்தது.

2024 ஜனவரி 31-ந் தேதி முதலமைச்சர் ரேவந்த் ரெட்டி, நந்தி விருதுகளுக்குப் பதிலாக இனித் தெலுங்கானாவில் கத்தர் பெயரில் திரைப்பட விருதுகள் வழங்கப்படும் என்று அறிவித்தார். 2025 ஜூன் 14-ந் தேதி முதல் விருது விழா பெரும் ஆடம்பரத்துடன் நடந்தது. பல நூறு கோடி ரூபாயில் எடுத்த படங்களின் நட்சத்திரங்கள் மேடை ஏறிக் கத்தர் விருதை வாங்கிச் சென்றார்கள். அரசின் சினிமா விருதை வேண்டாம் என்றவரின் பெயரே அரசின் சினிமா விருதுக்குப் பெயராகிவிட்டது. இது அவருக்குக் கிடைத்த வெற்றியா, அல்லது அவருடைய பாட்டைச் சுத்தம் செய்து அலமாரியில் வைத்த செயலா என்று இங்கே இரு தரப்பாகவும் பேசுகிறார்கள்.

குறை சொல்பவர்கள்

குறை சொல்பவர்களின் பேச்சையும் சொல்லாவிட்டால் கட்டுரை முழுமையாகாது. சங்கீதம் தெரிந்தவர்கள் சிலர், அவருடைய பாட்டில் மெட்டு திரும்பத் திரும்ப ஒன்றே வருகிறது, குரலில் நயத்தைவிட வேகமே மிகுதி என்பார்கள். அரசியல் ரீதியான குறை இதைவிடக் கடுமையானது. நக்சல்களின் குண்டுகளுக்குப் போலீஸ்காரர்களும் சாதாரண மக்களும் பலியானார்கள். அந்த வழிக்கு இளைஞர்களை இழுத்ததில் இந்தப் பாட்டுகளுக்கும் பங்கு உண்டு என்று, பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள் சொல்கிறார்கள். அந்தத் துயரத்தைத் தள்ளிவிட முடியாது. கத்தரே பின்னாளில் அந்தப் பாதையிலிருந்து விலகி வந்தவர்தான்.

2025 ஜனவரியில் இந்தச் சர்ச்சை மீண்டும் எழுந்தது. பத்ம விருதுக்குத் தெலுங்கானா அரசு பரிந்துரைத்த பெயர்களில் கத்தருடைய பெயரும் இருந்தது. மத்திய அரசின் பட்டியலில் அது இல்லை. மாநில அரசு குறைப்பட்டுக்கொண்டது. நக்சல் இயக்கத்தில் இருந்தவருக்கு எப்படி விருது கொடுக்க முடியும் என்று மத்திய இணை அமைச்சர் பண்டி சஞ்சய் குமார் எதிர்க் கேள்வி போட்டார்.

டப்பும் பறையும்

தமிழர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று அதே பட்டியலில் இருந்தது. மதுரையைச் சேர்ந்த பறை இசைக் கலைஞர் வேலு ஆசானுக்கு அந்த ஆண்டு பத்மஸ்ரீ கிடைத்தது. நம் ஊரில் பறை, இங்கே டப்பு. மரச் சட்டத்தில் தோலை இழுத்துக் கட்டி, நெருப்பில் காய்ச்சி, இரண்டு குச்சிகளால் அடிக்கும் அதே வாத்தியம். இரண்டு இடங்களிலும் சாவு வீட்டுக்கு மட்டும் கூப்பிட்டு, மற்ற நாளில் தெருக் கோடியில் நிறுத்தப்பட்டவர்களின் கையில் இருந்த வாத்தியம். அதற்கு முன்பே, 2018-ல், தமிழ்நாட்டுப்புறப் பாடல்களை ஊர் ஊராகச் சேகரித்துப் பாடிய விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணனுக்குப் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. அவருடைய கேசட்டுகளும் நம் கிராமத்துத் திருவிழா ஒலிபெருக்கிகளில் முழங்கியவைதான்.

ஒரே வாத்தியத்துக்கு ஓர் இடத்தில் பதக்கம், இன்னோர் இடத்தில் வழக்கு. பாட்டு எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்து வரவேற்பு மாறுகிறது. பழமையைக் காக்கும் கலை என்றால் கைதட்டுகிறோம். அதே தோல், அதே குச்சி, இன்றைய கூலியைப் பற்றிக் கேள்வி கேட்டால் கூட்டம் இரண்டாகப் பிரிகிறது.

நாம் கேட்டோமா?

இந்த ஊரில் தமிழர்கள் பல தலைமுறைகளாக இருக்கிறோம். லாலாகூடா, மல்காஜ்கிரி, மாரேட்பள்ளி, அல்வால், பொலாரம் என்று நாம் குடியிருந்த தெருக்களுக்குப் பக்கத்திலேயே இந்தப் பாட்டுகள் பிறந்தன. நம்மில் எத்தனை பேர் காது கொடுத்தோம்? கடைக்காரரிடம் பேரம் பேசவும், ஆபீசில் மனுவைப் படிக்கவும் தேவையான அளவு தெலுங்கோடு நிறுத்திக்கொண்டோம். மாலை வந்தால் நம் பெட்டியில் நம் பாட்டு. அதில் தவறில்லை, ஊரை விட்டு வந்தவனுக்கு அதுதான் ஆறுதல். ஆனாலும் பக்கத்து வீட்டில் அழுகிற குரலும் சிரிக்கிற குரலும் எதைப் பற்றியவை என்று தெரிந்துகொள்ளாமல் நாற்பது ஆண்டுகள் வாழ்ந்துவிடலாம் என்பது கொஞ்சம் வெட்கமான செய்திதான்.

லாலாகூடாப் பெரியவர் அப்படி இருக்கவில்லை. அவருக்குத் தெலுங்குப் பாட்டைச் சொல்லிக் கொடுத்தவர், பணிமனையில் அவரோடு ஒரே பெஞ்சில் வேலை செய்த கலாசி. நிஜாம் கல்லூரி மைதானக் கூட்டத்துக்குப் பிறகு, யாரோ பதிவு செய்திருந்த கேசட் ஒன்று அந்தக் கலாசியின் கைக்கு வந்தது. பிரதி எடுக்கக் கம்பி கிடையாது. ரயில்வே குவார்ட்டர்ஸில் ஒரு பெட்டியைப் பாட விட்டு, எதிரே இன்னொரு பெட்டியை வைத்து அப்படியே பதிந்திருக்கிறார்கள். அதனால் அறையில் நடந்ததெல்லாம் பாட்டோடு சேர்ந்துவிட்டது. வேலை நேரச் சங்கு ஊதுகிறது. குழந்தை அழுகிறது. இரண்டாம் பாட்டுக்கும் மூன்றாம் பாட்டுக்கும் நடுவே ஒருவர் இருமிவிட்டு, டீ கொண்டு வரச் சொல்கிறார். பிறகு, "தமிழ் அண்ணனுக்குச் சர்க்கரை குறைவாக" என்று தெலுங்கில் சேர்த்துக்கொள்கிறார்.

"அது அவன்தான்" என்றார் பெரியவர். "போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. வீட்டில் ஒரு போட்டோகூடச் சரியாக இல்லை. பையன் இரைச்சலை எடுக்கிறேன் என்றால் முதலில் போவது இவன் குரல்தானே?"

கடைப் பையன் மறு பேச்சுப் பேசவில்லை. இருந்தபடியே பிரதி எடுத்துக் கொடுத்தான். கூடுதல் ரூபாயும் கேட்கவில்லை.

வாசகர்கள் வீட்டிலும் இப்படிப் பழைய கேசட்டுகள் இருக்கக்கூடும். நாடாவில் பூஞ்சை பிடித்தால் பிறகு ஒன்றும் செய்ய முடியாது. ஈரம் படாத இடத்தில், ஒலிபெருக்கி முதலிய காந்தம் உள்ள பொருள்களுக்கு அருகில் இல்லாமல், நிறுத்தி வைக்க வேண்டும். போட்டுப் பார்ப்பதற்கு முன் ஒரு முறை முழுவதும் சுற்றிவிடுவது நல்லது. வசதி உள்ளவர்கள் இப்போதே பிரதி எடுத்துக்கொள்ளலாம். அப்படி எடுக்கும்போது, எதை இரைச்சல் என்று நீக்குகிறோம் என்பதை மட்டும் ஒரு முறை யோசித்துக்கொள்ளுங்கள்.